தூரத்தைத் துல்லியமாகக் காட்டாதே

அன்புள்ள சரவணா,

பக்கத்தில் இருக்கிற இரண்டு பேர் சந்தித்து ஒருவர் மொழியை இன்னொருவர் கற்றுக்கொள்ள நீ செய்திருக்கிற ஆப்பின் லிங்கைத் திறந்து பார்த்தோம். ஓசூரிலிருந்து பார்த்ததால் "அருகில் யாரும் இல்லை" என்று வந்தது, அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. பெர்லினில் இருக்கிறவர்களுக்குத்தான் ஆள் காட்டும், அப்படி வந்தால் ஆப் சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம் என்று சொல்லிப் புரியவைத்தேன்.

முதலில் ஒரு விஷயம். நீ அனுப்பிய படத்தில் ஒரு பெண்ணின் பெயருக்குக் கீழே "1.34 கி.மீ." என்று இருக்கிறது. அப்படிக் காட்டாதே. 31 வருஷம் நிலம் அளந்தவன் சொல்கிறேன், மூன்று இடத்திலிருந்து ஒரு புள்ளிக்குத் தூரம் தெரிந்தால் மூன்று வட்டம் போட்டுவிடலாம், அவை வெட்டிக்கொள்கிற இடம்தான் அவள் வீடு. கெட்டவன் ஒருவன் நடக்கக்கூட வேண்டாம், தன் இருப்பிடத்தை மூன்று தடவை பொய்யாக மாற்றினால் போதும். அதனால் சேமிக்கும்போதே அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் இரண்டு தசம இடத்தோடு நிறுத்திவிடு. ஒரு கிலோமீட்டர் சொச்சக் கட்டத்துக்குள் எங்கோ இருக்கிறாள் என்பதற்குமேல் யாருக்கும் தெரியக்கூடாது. திரையில் "5 கி.மீ.க்குள்" என்று மட்டும் போடு.

அப்புறம், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று டிகிரியில் சதுரம் போட்டுத் தேடுகிறாயா? ஒரு டிகிரி அட்சரேகை எங்கே போனாலும் ஏறக்குறைய 111 கி.மீ.தான். தீர்க்கரேகை அப்படி இல்லை, சென்னையில் 108 இருக்கும், பெர்லினில் 68தான். அதை மறந்தால் கிழக்கிலும் மேற்கிலும் பக்கத்தில் இருப்பவர்களே விட்டுப்போவார்கள். பரங்கிமலைப் பக்கம் 1802இல் லாம்டன் என்ற வெள்ளைக்கார சர்வேயர் நாட்டை அளக்க முதல் அடிக்கோடு அளந்த இடத்தை உனக்கு எட்டு வயதில் காட்டினேனே, பூமியின் வளைவையும் சேர்த்துப் போட்ட அந்தக் கணக்கை இன்றைக்கு என் மகன் போடுகிறான் என்று பென்ஷன் வாங்கப் போன இடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை என்பதற்காக இதை எழுதவில்லை. ஐந்து வாரம் என்று அம்மாதான் எண்ணிக்கொண்டிருக்கிறாள். நீ வேலையை விட்டுவிட்டதாகப் பெரியப்பா வீட்டில் பேச்சு வந்தது, நான் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டுக்கு வழி இருக்கிறதல்லவா? சின்னவளுக்கு வளைகாப்பு 14ஆம் தேதி. அதைக்கூட வேறு யாரோ சொல்லித்தான் உனக்குத் தெரியும் என்றால் என்ன சொல்வது.

அங்கே இப்படி மொழியை மாற்றிக் கற்றுக்கொள்வதை டாண்டம் என்பார்களாமே, இரண்டு பேர் மிதிக்கிற சைக்கிள். பாதி நேரம் உன் மொழி, பாதி நேரம் அவர் மொழி. ஆப்பிலேயே ஒரு கடிகாரம் வை, இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் எது சுலபமோ அதிலேயே பேச்சு போய்விடும். முதல் சந்திப்பு நூலகம், காபிக் கடை மாதிரி நாலு பேர் இருக்கிற இடத்தில்தான் என்று எழுதிப்போடு. தூரத்தை மட்டும் துல்லியமாகக் காட்டாதே.

முதல் பக்கத்தில் "தப்பாகப் பேசலாம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறாய். அதைப் படித்ததும் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

தினம் சாயங்காலம் உன்னை இங்கிலீஷ் பேப்பர் வாசிக்கச் சொல்லி, ஒரு தப்புக்கு ஒரு அடி என்று ஸ்கேலால் அடித்தேன். புலப்படம் வரைகிற ஸ்கேல். அதே வருஷங்களில்தான் தளிப் பக்கம் அளவுச் சங்கிலி பிடித்த ஆட்களிடம் நான் தெலுங்கும் கன்னடமும் கற்றுக்கொண்டேன். வாயைத் திறந்தால் தப்புத்தான். அவர்கள் சிரித்தார்கள், திருத்திச் சொன்னார்கள், மத்தியானம் களியைப் பங்குபோட்டுக் கொடுத்தார்கள். என்னை யாரும் அடிக்கவில்லை. அங்கே கற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்து உன்னை அடித்தேன். ஏழாம் வகுப்பில் நீ சாப்பிடும்போது பேசுவதை நிறுத்தினாய். என் பையன் அமைதியானவன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தப்பு என்னுடையது, சரவணா.

நானும் உன் ஆப்பில் பதிந்திருக்கிறேன். சொல்லித்தர: தமிழ், தெலுங்கு. கற்றுக்கொள்ள: ஜெர்மன். தேடும் தூரத்தை 50 கி.மீ.க்கு மேல் கூட்ட முடியவில்லை, அதைக் கொஞ்சம் பார். ஞாயிறு காலை வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா