பீக்கோ பாதையில் நம் ஊர்ப்பெயர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பீக்கோ பாதை பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கண்டி ஹந்தானையில் தொடங்கி, 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம் மலையகத்தைச் சுற்றி வளைத்து, நுவரெலியாவின் பீட்று தோட்டத்தில் முடியும் அந்த நெடுநடை வழியைக் கட்டுரையாளர் இரண்டு இடங்களில் 'புதிய பாதை' என்று குறிப்பிட்டிருந்தார். கட்டுரையின் ஏனைய செய்திகளில் எனக்குக் குறை எதுவும் இல்லை. அந்த ஒரு சொல்லைப் பற்றி மட்டும் நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அது இவ்வளவு நீண்டுவிட்டது. பொறுத்தருள வேண்டும்.

அந்தப் பாதையில் புதிதாக வெட்டப்பட்ட பகுதி மிகச் சொற்பம். கோப்பிக் காலத்தில் மூட்டைகளை இறக்குவதற்கும், பின்னர் கொழுந்தை ஸ்டோருக்கு, அதாவது தேயிலை ஆலைக்கு, கொண்டு சேர்ப்பதற்கும் வெட்டிய தோட்டத்து ரோட்டுகளும், ஒரு டிவிஷனிலிருந்து மறு டிவிஷனுக்குச் சனங்கள் மிதித்து மிதித்தே உண்டாக்கிய குறுக்குப் பாதைகளும், இரயில் தண்டவாளத்தை ஒட்டிய ஒற்றையடி வழிகளும் ஒன்றோடொன்று கோக்கப்பட்டதுதான் இன்று பீக்கோ என்னும் பெயரில் உலகெங்கும் அறியப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி அமைப்பும் பணம் கொடுத்தன; திட்டமிட்டவர்கள் மலைமலையாக ஏறி இறங்கி அளந்தார்கள். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் பூண்டுலோயாவிலிருந்து வட்டகொடைக்கு வரும் ஐந்தாம் கட்டத்தில் ஒரு துண்டு வழி, நான் ஒன்பது வயதில் சிலேட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மழையில் பள்ளிக்கூடம் போன வழி. அதைப் புதிய பாதை என்று அச்சில் படிக்கும்போது, நம் வீட்டுத் திண்ணைக்கு வேறொருவர் பெயர் சூட்டுவிழா நடத்துவதைத் தெருவில் நின்று பார்ப்பதுபோல் இருந்தது.

கடந்த மாசி மாதம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பகல் நிறுவையின்போது, வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் தங்கள் பைகளை இறக்கிவைத்துவிட்டுக் கொழுந்து நிறுக்கும் மடுவத்து வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். கூட வந்த வழிகாட்டி வேறு மாவட்டத்து இளைஞர். ஆங்கிலம் நன்றாகப் பேசினார், மரியாதையானவர். தராசுக் கொக்கியில் ஓர் அம்மா கொழுந்து மூட்டையை மாட்டினார். முள் காட்டிய கணக்கு ஒன்று, துண்டுச் சீட்டில் விழுந்த கணக்கு அதிலும் குறைந்த இன்னொன்று. அந்த வெளிநாட்டுப் பெண் அதைக் கவனித்துவிட்டு, ஏன் அப்படி என்று கேட்டார். வழிகாட்டிக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் அந்த அம்மாவின் மகள், தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் விளக்கினாள்: சாக்கு எடைக்கும் இலையின் ஈரத்துக்குமாகக் கிலோ கழிப்பார்கள், அப்படிக் கழித்த பின்னும் குறித்த அளவு வந்தால்தான் முழுப்பேர், வராவிட்டால் அரைப்பேர். தோட்டத்தில் பேர் என்றால் ஒருநாள் சம்பளம் என்று அவள் சொன்னதும், மனிதருக்கு அரைப்பேர் போட முடியுமா என்று கேட்டு அந்தப் பெண் தன் குறிப்பேட்டில் அதை எழுதிக்கொண்டார். பிறகு, நாளைக்குக் கொட்டகலை வரை எங்களோடு வருகிறாயா என்று அவளைக் கேட்டார். மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்த்தார். வழிகாட்டியாகப் போவதானால் அதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவள் போகவில்லை.

நடப்பவர்கள் வெறும் காட்சிக்காக மட்டும் வருவதில்லை என்பதை அன்று உணர்ந்தேன். கேட்கும் ஆவலோடு வருகிறார்கள். சொல்வதற்கு நம்மிடம் இருப்பதோ மலையளவு. எடுத்த எடுப்பில் உள்ள கட்டங்களையே பாருங்கள். கலஹாவைத் தாண்டியதும் லூல்கந்துரத் தோட்டம். ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் 1867ஆம் ஆண்டு 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது அங்கேதான். இரண்டு ஆண்டு கழித்துக் கோப்பி இலையில் துருநோய் கண்டு, அந்தப் பயிரே அழிந்து, நாடு முழுவதும் தேயிலைக்கு மாறிய கதையைப் பள்ளிக்கூடத்திலேயே படிக்கிறோம். டெய்லர் 1892இல் அங்கேயே இறந்தபோது அவருடைய உடலைத் தோட்டத்து ஆட்கள் தோள்மாற்றித் தோள்மாற்றிக் கண்டி மஹியாவை இடுகாடு வரைக்கும் சுமந்து சென்றார்கள் என்றும், கங்காணிமாரும் தொழிலாளரும் பின்னால் நடந்தார்கள் என்றும், அவர்கள் அவரைச் 'சாமி துரை' என்று அழைத்தார்கள் என்றும் பதிவு இருக்கிறது. தேயிலைக்கும் மருந்து மரமான சின்கோனாவுக்கும் அவர் முன்னோடி என்று கல்லறைக் கல் சொல்கிறது. சுமந்த தோள்களுக்கு உரியவர்களில் ஒருவர் பெயரைக்கூட நான் எங்கும் படித்ததில்லை.

லூல்கந்துர இருக்கும் அதே ஹேவாஹெட்ட மலைகளில்தான் முல்லோயாத் தோட்டமும் இருக்கிறது. 1940 ஜனவரியில் சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி அங்கே மாண்டார். தோட்டத் தொழிற்சங்கப் போராட்டத்தின் முதல் தியாகியென்று மலையகம் இன்றுவரை நினைவுகூரும் பெயர் அது. டெய்லரின் கதையைக் கேட்டுவிட்டுக் கோவிந்தனின் கதையைக் கேட்காமல் ஒருவர் அந்த மலைகளைக் கடந்து போனால் பாதிக் கதையைத்தான் கொண்டுபோகிறார், அதுவும் அரைப்பேர்தான்.

எங்கள் கட்டத்துக்கு வருகிறேன். வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். அடுத்த ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் அவருக்கு வாக்களித்த சனங்களை நாடற்றவர்களாக்கியது. கொழுந்து மலையிலும் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் உயிரோடிருந்த நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தவரும் அவரே. உலகத்தின் வேறெந்த மூலையிலேனும் ஒரு நெடுநடை வழி இப்படி ஒரு கவிஞர் பிறந்த ஊர்ப்பக்கமாகப் போகுமானால், வழிப்போக்கர் அவருடைய நான்கு அடிகளையாவது கேட்டுவிட்டுத்தான் அடுத்த மலை ஏறுவர். எங்கள் பக்கம் அந்தப் பாட்டுகளை இன்னும் பாடக்கூடிய ஆச்சிமார் மூன்று நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம் கேட்டது வேறு: "காசு கொடுத்தா நடக்க வாறாங்க, சேர்? பஸ் இருக்குதுன்னு யாரும் சொல்லலியா?" அவருடைய பாட்டன் பாட்டி தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்து தலைமன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரைக்கும் நடந்தவர்கள், அவருக்கு நடை என்றாலே தண்டனை. நம் முன்னோர் அப்படி வரத் தொடங்கியதன் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து 2023இல் நம்மவர் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தபோதுகூட அவருக்கு அது விளங்கவில்லை.

ஹோர்ட்டன் சமவெளியின் உலக முடிவையும், ஹப்புத்தளை லிப்டன் ஆசனத்தையும், 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தையும் பற்றி நான் எழுத வேண்டியதில்லை; அவற்றின் படங்கள் எல்லோருடைய கைத்தொலைபேசியிலும் இருக்கின்றன. ஆனால் ஹப்புத்தளைப் பகுதியின் சரிவில் நின்று தெற்கே பார்ப்பவர்களுக்கு, கொஸ்லந்தைப் பக்கத்தில் மீரியபெத்தை என்று ஒரு தோட்டம் இருந்ததையும், 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து அங்கிருந்த லயங்களை, தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளை, மூடியதையும் யாராவது சொல்ல வேண்டும். பள்ளத்தாக்கின் அழகைச் சொல்பவர் அந்தச் சரிவுகளில் வீடு எப்படி நிற்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுச் செய்தி.

பெயர்களுக்கு வருகிறேன்; இந்தக் கடிதத்தின் நோக்கமே அதுதான். பாதைக்கு இட்ட 'பீக்கோ' என்பதே சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், கொழுந்தின் நுனியிலுள்ள வெண்மயிரைக் குறித்து, பின்னர் தேயிலைத் தரத்தின் பெயராக நின்ற சொல். அது இருக்கட்டும். வழியிலுள்ள ஒவ்வொரு முடக்குக்கும், ஒவ்வொரு தண்ணீர்ப் பீலிக்கும், ஒவ்வொரு பாறைக்கும் தோட்டத்துச் சனங்கள் இட்ட பெயர் ஒன்று இருக்கிறது. வரைபடத்தில் இலக்கமிட்ட வயல் என்றிருப்பது நமக்கு ஐந்தாம் நம்பர் மலை. ஸ்டோருக்குப் பக்கத்தில் சூலத்தோடு நிற்கும் கல், இயந்திரச் சக்கரத்தைக் காக்கும் ரோதமுனி. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும் முன் கத்தியை வைத்துக் கும்பிடும் இடம் கவ்வாத்துச்சாமி. இப்படி ஒரு தெய்வம் இந்தியாவிலோ இலங்கையின் மற்ற மாகாணங்களிலோ இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. இந்த மண்ணில், இந்த வேலையிலிருந்து பிறந்த தெய்வங்கள் அவை. பார்த்தறியாதவர் கண்ணுக்கு அது செங்காவி பூசிய ஒரு கல். காலணியோடு அதன்மேல் ஏறி நின்று படம் எடுப்பவர்மீது கோபப்படவும் முடியாது, ஏனென்றால் அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஆகவே, பாதையைப் பராமரிப்பவர்களுக்கும் சுற்றுலாத்துறை அதிகாரிகளுக்கும் என் வேண்டுகோள் இதுதான். வழிநெடுகிலும் இனி வைக்கப்படும் ஒவ்வொரு பலகையிலும், வரைபடத்திலும், ஊரவர் வழங்கும் பெயர் தமிழில் இடம்பெறட்டும். எழுதுவதற்கு முன் அந்தந்த லயத்தில் வயது முதிர்ந்த இருவரைக் கேட்டு எழுதட்டும். தோட்டத்துப் பிள்ளைகள் வழிகாட்டிகளாவதற்கான பயிற்சியும் பரீட்சையும் தமிழ்மொழி மூலமும், கொழும்புக்கும் கண்டிக்கும் போகத் தேவையின்றி ஹட்டனிலோ ஹப்புத்தளையிலோ நடைபெறட்டும். மடுவத்தில் அந்தப் பிள்ளை பதில் சொன்னவிதத்தைக் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், அவளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியது முதலுதவியும் சட்டதிட்டமும்தான். மற்றதெல்லாம் அவள் அறிந்ததே.

விருந்தினரைத் தங்கவைத்து வருமானம் தேடலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ரொட்டியும் கட்டச் சம்பலும் கொடுப்பதற்கு நம் வீட்டுப் பெண்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் லயத்து அறை குடியிருப்பவருக்குச் சொந்தமில்லை. நான்கு தலைமுறை வாழ்ந்த வாசலில் ஒரு பலகை மாட்டுவதற்கும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். உறுதிப்பத்திரம் இல்லாத வீட்டை எந்தப் பதிவேட்டில் சேர்ப்பது? இந்திய உதவி வீட்டுத்திட்டத்தில் ஏழு பேர்ச் காணியும் வீடும் பெற்ற குடும்பங்களையாவது முதலில் இதில் சேர்த்துக்கொள்ளலாம். காணி உரிமை என்ற பெரிய வழக்கை ஒரு நடைபாதை தீர்த்துவைக்காது என்பது எனக்குத் தெரியும். அதைத் தனிக் கடிதமாகத்தான் எழுத வேண்டும்.

கடைசியாகத் தங்களிடமும் ஒரு வேண்டுகோள். தங்கள் பத்திரிகைக்கு ஹந்தானையிலிருந்து கந்தப்பளை வரை வாசகர்கள் இருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு கட்டமாக, அந்தந்த ஊர் வாசகர்களிடமிருந்தே இடப்பெயர்களையும் அவற்றின் காரணங்களையும் கேட்டு வாங்கி அரைப்பக்கம் வெளியிட்டால், ஆறு மாதத்துக்குள் 22 கட்டங்களும் முடிந்துவிடும். ஐந்தாம் கட்டத்துக்கு யாரையும் தேட வேண்டாம். நானும் என் பழைய மாணவர் நால்வருமாகச் சேர்ந்து இதுவரை 41 பெயர்களை எழுதி வைத்திருக்கிறோம். மூன்றுக்கு மட்டும் காரணம் தெரியவில்லை. பட்டியலை இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர்,
வட்டகொடை.