அந்த ரோஸ் டியூபை ஓரமாக வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் புதிதாக முகம் வரையப் பழகுபவர்களுக்காக வந்த பக்கத்தையும் அதற்கு வாசகர்கள் அனுப்பியிருந்த படங்களையும் பார்த்தேன். நம் ஆட்கள் கூச்சப்படாமல் படம் அனுப்புவதே நல்ல விஷயம். ஆனால் அதில் கொடுத்திருந்த ஒரு யோசனையை அப்படியே விட்டுவிட மனசு வரவில்லை. தோல் நிறத்துக்கென்று கடையில் தனி வண்ண டியூப் கிடைக்கிறது, அதை வாங்கி நிழலுக்குக் கறுப்பும் வெளிச்சத்துக்கு வெள்ளையும் கலந்தால் வேலை முடிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த டியூபை ஒரு தடவையாவது பிதுக்கிப் பார்த்தீர்களா? இளம் ரோஸ். நம் தெருவில் அந்த நிறத்தில் யார் நடமாடுகிறார்கள்?

அதே பக்கத்தில் ஒரு பாட்டி படம் போட்டிருந்தீர்கள். யார் வரைந்தாரோ, சாயலைப் பிடித்திருக்கிறார், கழுத்துச் சுருக்கத்தைக்கூடப் பொறுமையாகப் போட்டிருக்கிறார், ஆனால் முகம் முழுக்க மாவு பூசின மாதிரி வெளிறிக் கிடக்கிறது. அது அவர் குற்றமில்லை, டியூபின் குற்றம். ரோஸில் கறுப்பைக் கலந்தால் மாநிறம் வராது, சாம்பலும் ஊதாவும் கலந்த ஒரு செத்த நிறம்தான் வரும். அதைச் சரிசெய்ய இன்னும் கொஞ்சம் வெள்ளை, அப்புறம் மறுபடி கறுப்பு என்று போனால் கடைசியில் இப்படித்தான் முடியும்.

பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு, எல்லோ ஓக்கர் என்கிற மண் மஞ்சள், அல்ட்ராமரின் நீலம், டைட்டானியம் வெள்ளை, இந்த நான்கும் இருந்தால் மாநிறம் தொடங்கி நல்ல கறுப்பு வரை எந்த முகத்தையும் வரையலாம். உதட்டுக்கும் காது மடலுக்கும் வேண்டுமானால் ஒரு துளி சிவப்பு. சியன்னாவும் அல்ட்ராமரினும் சேர்ந்தால் ஆழமான ஒரு கருமை கிடைக்கும், அதில் சியன்னாவைக் கூட்டினால் சூடான பழுப்பு, நீலத்தைக் கூட்டினால் குளிர்ந்த கருமை. கண்ணுக்குக் கீழே, மூக்கோரம், மோவாய்க்கு அடியில் என்று எல்லா நிழலும் இந்த இரண்டுக்குள்ளேயே வந்துவிடும். தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் வண்ணம் என்றால் காய்ந்ததும் ஒரு படி கறுக்கும், அதை மனதில் வைத்துக்கொண்டு கலக்க வேண்டும். கறுப்பு டியூபே ஆகாது என்று சட்டமெல்லாம் இல்லை. ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் (1860-1920) பெரும்பாலும் வெள்ளை, ஓக்கர், வெர்மிலியன் என்கிற பளிச் சிவப்பு, கறுப்பு என்று நாலே நிறத்தில் முகங்களை வரைந்து பெயர் வாங்கியவர்தான். ஆனால் சூடான நிறங்களுக்குப் பக்கத்தில் கறுப்பை நீலமாகத் தெரியவைக்கும் அந்தக் கணக்கெல்லாம் கை பழகினவர்களுக்கு. ஆரம்பத்தில் கறுப்பு டியூப் மூடியோடு இருப்பதே நல்லது.

வெள்ளை விஷயத்தில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். கறுத்த தோலில் வெளிச்சம் விழும் விதமே தனி. வெளுத்த முகத்தில் பளபளப்பு சுற்றியுள்ள நிறத்தோடு கலந்துவிடும், கறுத்த நெற்றியிலும் கன்ன எலும்பிலும் மூக்கு நுனியிலும் அது பளிச்சென்று தனியாக நிற்கும், ஆள் வாசல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தால் அந்த இடத்தில் வானத்து நீலம் லேசாகப் படிந்திருப்பதைக்கூடப் பார்க்கலாம். வெள்ளை அந்த இரண்டு மூன்று இடத்துக்கு, அதுவும் துளி அல்ட்ராமரின் சேர்த்து. மற்றபடி வெளிச்சம் படும் கன்னத்தைத் தூக்கிக் காட்ட ஓக்கரே பாதி வேலையைப் பார்த்துவிடும். இதற்குப் பாடம் வேண்டுமென்றால் வெளிநாட்டு வீடியோவைத் தேடிப் போக வேண்டாம். கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்த ஓவியர் எஸ். இளையராஜா இருந்தார், 2021இல் கொரோனா அவரைக் கொண்டுபோய்விட்டது. அவர் வரைந்த கிராமத்துப் பெண்களில் ஒருத்தியின் முகத்தை போனில் பெரிதாக்கிப் பாருங்கள், நிழலுக்குள்ளும் சூடான பழுப்பு ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, நிறம் இருக்கட்டும். கட்டுரையில் முதலில் கண்ணை முடித்துவிட்டு மற்றதுக்குப் போகச் சொல்லியிருக்கிறீர்கள், அதுவும் எனக்கு ஒப்பவில்லை. இமை மயிர் வரைக்கும் ஆசையாகக் கண்ணை முடித்துவிட்டால், அப்புறம் அது தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தாலும் அழிக்க யாருக்கு மனசு வரும்? உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் ஏறக்குறைய சரிபாதியில்தான் கண் இருக்கிறது. பென்சிலை நீட்டி அளந்து பார்த்தால்தான் நம்பிக்கை வரும், ஏனென்றால் நாம் பேசும்போது பார்ப்பது கண்ணும் வாயும்தான், மண்டையை யார் பார்க்கிறார்கள்? அதனால் புதிதாக வரைபவர்கள் கண்ணை மேலே ஏற்றி மண்டையைச் சுருக்கிவிடுகிறார்கள். பாட்டிக்கும் அதே கதி, கொண்டை போட இடமே இல்லை. முகத்தின் பெரிய வடிவம், வெளிச்சப் பக்கம் எது, நிழல் பக்கம் எது, இந்த மூன்றையும் பெரிய பிரஷ்ஷால் மொத்தமாக அடித்து வைத்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் ஆள் யாரென்று தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் கண்ணும் மூக்கும்.

கண்ணின் வெள்ளையும் வெள்ளை இல்லை. மேல் இமையின் நிழல் அதன் மேல் விழுகிறது, உருண்டை வேறு, அதனால் ஓரங்களில் நல்ல மங்கலாகவே இருக்கும். பாட்டி படத்தில் கண், பல், நெற்றி விபூதி, மூக்குத்தி நான்குக்கும் டியூபிலிருந்து எடுத்த அதே வெள்ளை. அதனால்தான் மூக்குத்தி மின்னவில்லை. மற்ற மூன்றையும் இரண்டு படி இறக்கிவிட்டு மூக்குத்தியில் மட்டும் ஒரு புள்ளி வைத்திருந்தால் போதும்.

போட்டோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. போனைப் பக்கத்தில் கொண்டுபோய் எடுத்தால் மூக்கு பெருத்துக் காது ஒளிந்துகொள்ளும், அதைப் பார்த்து அச்சாக வரைந்தாலும் வீட்டில் உள்ளவர்கள் ‘இது அவங்க இல்லையே’ என்பார்கள். ஆறேழு அடி தள்ளி நின்று ஜூம் செய்து, ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் ஒரு பக்கமாக இருக்கும்படி எடுக்கச் சொல்லுங்கள்.

உங்களிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. ரவி வர்மாவே திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன் வரைவதைப் பக்கத்திலிருந்து பார்த்துத்தான் எண்ணெய் வண்ண வித்தையில் நிறையப் பிடித்துக்கொண்டார் என்பார்கள். இன்றைக்குப் பழகுபவருக்கும் முடிந்த படத்தைவிட முடியாத படம்தான் உதவும். ஆகவே அடுத்த முறை நான்கு படங்களைச் சின்னதாகப் போடுவதற்குப் பதில் ஒரே படத்தை எடுத்துக்கொண்டு, பார்த்து வரைந்த போட்டோ, பெரிய பிரஷ் வேலை முடிந்த நிலை, முடிந்த படம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். செய்தித்தாள் அச்சில் மாநிறம் எப்படியும் கொஞ்சம் மாறித்தான் வரும், அதனால் மூன்றையும் கறுப்பு வெள்ளையில் போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவர்,
கும்பகோணம்.