மழைக்கு முன் உங்கள் வளாகத் தார்ச்சாலை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். ஆவணி பிறந்துவிட்டால் எங்கள் அலுவலகத் தொலைபேசியில் ஒரே கேள்விதான்: "மழைக்கு முன்னால் மேலே இன்னொரு கோட்டிங் போட்டுவிடலாமா?" நூற்பாலை, தீப்பெட்டி ஆலை, கல்யாண மண்டபம், பள்ளி என்று எல்லா இடங்களிலிருந்தும் கேட்கிறார்கள். பலருக்கு அது தேவையில்லை. சிலருக்கு அது போட்டும் பயனில்லை. வேலை வேண்டாம் என்று ஒப்பந்ததாரரே சொன்னால் சந்தேகம் வரத்தான் செய்யும் என்பதால் காரணத்தையும் சேர்த்தே எழுதுகிறோம்.

சாலைக் கலவையின் எடையில் தார் ஏறத்தாழ 5 சதவீதம்தான். மற்றதெல்லாம் ஜல்லியும் கிரஷர் தூசியும். வெயிலும் காற்றும் படப்பட அந்தத் தார் இறுகி நெகிழ்வை இழக்கிறது, கறுப்பு மங்கிச் சாம்பல் பூக்கிறது. நிறத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். செருப்புக் காலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். பொடி ஜல்லி உதிரவில்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம். லேசாக உதிர்ந்தால் நீர்த்த எமல்ஷனை, அதாவது தாரும் நீரும் கலந்த குழம்பை, மெலிதாகத் தெளித்தால் போதும். தெளித்தவுடன் அது பழுப்பாக இருக்கும். நீர் பிரிந்து கறுத்துக் காய்ந்த பிறகே வண்டிகளை விட வேண்டும். கறுப்பாக்கத்தானே என்று பழைய என்ஜின் ஆயிலைப் பூசுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஆயிலும் டீசலும் தாரைக் கரைத்துவிடும். ஜெனரேட்டர் அருகிலும் லாரி நிற்கும் இடத்திலும் சாலை முதலில் பெயர்வது அதனால்தான். சிந்தியதும் மணலோ மரத்தூளோ தூவி உறிஞ்சவிட்டு அள்ளுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவாதீர்கள்.

வெயில் மெதுவாகக் கெடுக்கும்; தண்ணீருக்கு அந்தப் பொறுமை கிடையாது. வெடிப்பு வழியே இறங்கும் நீர் ஜல்லியிலிருந்து தாரைப் பிரிக்கிறது, அடியிலுள்ள கிராவலையும் மண்ணையும் இளக்குகிறது. அதன் மேல் லாரிச் சக்கரம் ஏறும்போது நுண்மண் கலந்த நீர் வெடிப்பு வழியே மேலே பீய்ச்சும். மழை விட்ட மறுநாள் வெடிப்பின் ஓரங்களில் சேறு கோடு போட்டதுபோல் படிந்திருந்தால், அடித்தளம் கரையத் தொடங்கிவிட்டது என்று அறியுங்கள். நம் பகுதியின் கரிசல் மண் வேறு, நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சாலையோரத்தை ஒட்டி நீளவாக்கில் ஓடும் வெடிப்பு பெரும்பாலும் மண்ணின் வேலை.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது நீர் வாட்டம். மீட்டருக்கு 2 முதல் 2.5 செ.மீ. வரை சரிவு இருக்க வேண்டும். அளவுகோல் தேவையில்லை: நல்ல மழை பெய்து ஒரு மணி நேரம் கழித்துச் சுற்றி வாருங்கள். நீர் தேங்கிய இடங்களைச் சாக்குக்கட்டியால் வட்டமிட்டு, கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். அடுத்த முறை நாங்கள் வரும்போது அந்தப் படங்களே பாதி வேலையை முடித்துவிடும். பல வளாகங்களில் சாலையோரம் புல்லும் மண்ணும் மேடாகி, நீர் வாய்க்காலுக்குப் போகவே வழியில்லாமல் நிற்கிறது. இதற்கு எங்களைக் கூப்பிட வேண்டாம். மண்வெட்டியோடு ஓர் ஆள் போதும்.

அடுத்தது வெடிப்பு. மயிரிழை வெடிப்புகளை எமல்ஷன் மூடிவிடும். 3 மி.மீ.க்கு மேல் அகன்றவற்றைக் கம்பரசர் காற்றால் தூசி போக ஊதி, ரப்பர் கலந்த சூடான தாரை ஊற்றி அடைக்க வேண்டும். ஈரம் இருந்தால் பிடிக்காது. ஐப்பசி மழை இறங்கும் முன் இதை முடித்துவிட வேண்டும்.

காய்ந்த கண்மாய்த் தரை போலச் சாலை பாளம் பாளமாக வெடித்திருந்தால் கதை வேறு. அங்கே அடித்தளமே போய்விட்டது. மேலே எத்தனை அடுக்கு போட்டாலும் அதே வெடிப்பு மீண்டும் எட்டிப் பார்க்கும். அந்தப் பகுதியை மட்டும் தோண்டி, அடித்தளத்தை இறுக்கிப் புதிதாகப் போடுவதே வழி. அடுக்கின் மேல் அடுக்கு போட்டால் மட்டமும் உயரும். பிறகு கேட் திறக்காது, மழைநீர் குடோனுக்குள் போகும். பொதுச் சாலைகளில்கூடப் பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய அடுக்கு போட வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் அறிவுறுத்தியது.

பாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த பெரிய சாலைச் சோதனையில் ஒரு கணக்கு தெரியவந்தது: வண்டியின் ஓர் அச்சு சாலையில் இறக்கும் எடை, அதாவது அச்சுப் பாரம், இரண்டு மடங்கானால் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும். கார்களும் பைக்குகளும் உங்கள் சாலையை ஒன்றும் செய்துவிடாது. அளவுக்கு மீறி ஏற்றிய லாரிதான் செய்யும். எடைமேடை, சரக்கு ஏற்றும் இடம் போல லாரி அசையாமல் நிற்கும் இடங்களில் தார் வேண்டாம், சிமென்ட் கான்கிரீட் போட்டுக்கொள்ளுங்கள் என்றே சொல்வோம்.

மண்டபம் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். பந்தல்கால் நடக் கடப்பாரையால் குத்தும் ஒவ்வொரு குழியும் மழைநீருக்கு ஒரு கிணறு. மணல் நிரப்பிய டின்களில் கால்களை நிறுத்தலாம். போகி நெருப்பு, பொங்கல் அடுப்பு, சமையல் விறகு எல்லாம் மண் தரையிலேயே இருக்கட்டும்.

சிறு குழியை உடைந்த செங்கலும் மண்ணும் போட்டு மூடாதீர்கள். நாங்கள் வந்ததும் முதலில் அதைத்தான் அள்ள வேண்டியிருக்கும். குழியைச் சதுரமாக வெட்டி, பக்கச் சுவர்களிலும் எமல்ஷன் தடவி, சூடான கலவையை நிரப்பி ரோலர் ஓட்ட வேண்டும். கலவை 90 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் ரோலர் வேலை முடிய வேண்டும். அதனால் தொலைவிலிருந்து கால் லோடு, அரை லோடு கொண்டுவருவது உங்களுக்கும் நஷ்டம், வேலையும் சரியாக அமையாது. பக்கத்து ஆலையிலும் சிறு வேலை இருந்தால் பேசி, ஒரே நாளாகச் சொல்லுங்கள். லோடு செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். தீபாவளிக்கு முந்தைய வாரம் மட்டும் வேண்டாம், ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள்.

இப்படிக்கு,
தார்ச்சாலைப் பணி ஒப்பந்ததாரர்கள்,
கோவில்பட்டி