பூத்தில் ஒட்டாமல் விழும் பவுடர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கப்பலூர் தொழிற்பேட்டைக்கு அருகே, பீரோ, கட்டில், கிரில் ஆகியவற்றுக்குக் கூலிக்குப் பவுடர் கோட்டிங் (வண்ணத் தூளைத் தெளித்துச் சூட்டில் படியவைக்கும் பூச்சு) செய்து தரும் சிறு பட்டறையை நடத்தி வருகிறேன். அண்மையில் பெய்த மழையின்போது, எங்கள் தெருச் சாக்கடையில் தண்ணீரின் மேல் நீல நிறப் படலம் மிதந்து சென்றதைக் கண்ட அக்கம்பக்கத்தார், சாயக்கழிவைத் திறந்துவிட்டீர்களா என்று என்னிடம் கேட்டனர். தண்ணீரில் கரையாத பவுடர் அது. எங்களைப் போன்ற பட்டறை ஒன்றின் எக்ஸாஸ்ட் ஃபேன், பவுடர் அடிக்கும் அறையான பூத்துக்குள் மிஞ்சியதை அப்படியே வெளியே தள்ளியதால் வந்த வினை.

பவுடரைத் தெளிக்கும் துப்பாக்கியான கன்னிலிருந்து மின்னேற்றம் பெற்று வெளிவரும் பவுடர், எர்த் கொடுக்கப்பட்ட இரும்பை நாடிச் சென்று ஒட்டிக்கொள்கிறது. பிறகு ஓவனில் 180 முதல் 200 டிகிரி வெப்பத்தில் உருகி இறுகிப் படலமாகிறது. ஆனால் பீரோக் கதவு போன்ற அகன்ற தகட்டில்கூட, அடிக்கும் 100 கிராமில் முதல் முறையிலேயே ஒட்டுவது பெரும்பாலும் 50 முதல் 70 கிராம்தான். கம்பிகளுக்கிடையே வெற்றிடம் மிகுந்த கிரில் வேலையில் இதைவிடவும் குறையும். தின்னர் கலந்த பெயிண்டில் சிதறியது போனது போனதுதான்; பவுடரிலோ அதை மீட்டு மறுபடியும் அடிக்கலாம். இந்தத் தொழிலின் பெரிய அனுகூலமே இதுதான் என்று நான் கருதுகிறேன். அதைக் காற்றில் விடுவது மனத்துக்கு ஒப்பவில்லை.

மீட்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. சைக்ளோன் என்னும் கூம்பு வடிவக் கலனில் காற்று சுழலும்போது கனமான துகள்கள் சுவரோரம் ஒதுங்கிக் கீழே இறங்க, மென்தூசு மட்டும் அடுத்த ஃபில்டருக்குப் போகிறது. அடிக்கடி நிறம் மாற்றுவோருக்கு இது ஏற்றது. கார்ட்ரிட்ஜ் எனப்படும் உருளை ஃபில்டர்கள் பொருத்திய பூத்தில் பவுடர் முழுவதும் அவற்றில் படிந்து, அழுத்தக் காற்றின் உதறலில் கீழே விழுகிறது. விலை குறைவு என்றாலும், நிறத்துக்கு ஒரு செட் கார்ட்ரிட்ஜ் தனியே வைத்திருக்க வேண்டும். நாங்கள் இந்தப் பாடத்தைக் கற்றது நட்டத்தில்தான். கறுப்பு அடித்த பூத்தைச் சரியாகத் துடைக்காமல் வெள்ளை அடித்ததில், கட்டில் சட்டங்கள் எல்லாவற்றிலும் எள் தூவியதுபோலப் புள்ளிகள் விழுந்தன. அத்தனையையும் தேய்த்து மறுபடி அடித்துக் கொடுத்தோம்.

மீட்ட பவுடர் என்றாலே வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பதற்கு இத்தகைய கவனக்குறைவே காரணம். மீட்டதில் மென்துகள் மிகுந்திருப்பதால், அதை மட்டும் தனியே அடித்தால் மின்னேற்றம் சரியாகப் பிடிக்காது, கன்னுக்குப் பவுடர் ஊட்டும் தொட்டியான ஹாப்பரிலும் சீராக ஓடாது. எனவே சல்லடையில் சலித்து, புதிய பவுடர் 70 பங்குக்கு மீட்டது 30 பங்கு என்ற அளவைத் தாண்டாமல் நாங்கள் கலக்கிறோம். கத்திரி வெயிலில் தகரக் கூரையின் கீழ் வைத்த பவுடர் கட்டி தட்டிவிடும் என்பதால், அந்த மாதங்களில் அன்றன்று மீட்டதை அன்றன்றே பயன்படுத்திவிடுகிறோம். இப்படிச் செய்த வேலையில் குறை கண்டு யாரும் பொருளைத் திருப்பி அனுப்பியதில்லை.

சிக்கனத்தைவிடப் பெரிய விஷயம் பாதுகாப்பு. காற்றில் போதிய அளவு செறிந்த பவுடர், தீப்பொறி பட்டால் வெடிக்கும் தன்மையுடையது. பூத்தின் உறிஞ்சுவிசை குறைந்தாலும், பொருளைத் தொங்கவிடும் கொக்கியில் பழைய பூச்சு தடித்து எர்த் அறுந்து பொறி பறந்தாலும், ஆபத்து கன் பிடிக்கும் தம்பிக்குத்தான். முகமூடிகூட இல்லாமல் துண்டைக் கட்டிக்கொண்டு அடிக்கும் இளைஞர்களைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது.

சலித்தும் தேறாத தூசு எங்கே போகும் என்ற கேள்வி மிஞ்சுகிறது. பெயிண்ட் பயன்பாட்டில் மிஞ்சும் கழிவை, 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் தம் பட்டியலில் சேர்த்துள்ளன. ஆனால் மாதம் ஒரு சாக்குத் தூசு சேரும் பட்டறைக்காரர் அதைத் தனியாக அனுப்பிவைப்பது எளிதன்று. கப்பலூர், கே.புதூர், உறங்கான்பட்டி தொழிற்பேட்டைகளில் மாதம் ஒருமுறை வண்டி வந்து எல்லோரிடமும் சேர்த்து எடுத்துச் செல்ல ஏற்பாடு செய்தால், உரிய கட்டணத்தைச் செலுத்த என் போன்றோர் ஆயத்தமாக இருக்கிறோம். மாவட்ட நிர்வாகமும் தொழில் சங்கங்களும் இதனைக் கவனத்தில் கொள்ளுமாறு தங்கள் இதழ் வாயிலாக வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பவுடர் கோட்டிங் பட்டறை உரிமையாளர்,
கப்பலூர், மதுரை மாவட்டம்.