கானா விடுதலையும் கோகோ உழவர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்ச் 6, கானா விடுதலை நாளையொட்டித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, அந்நாட்டின் முதல் பிரதமரான குவாமே நிக்ரூமாவின் தலைமையை நன்கு விளக்கியிருந்தது. ஆனால் அவரை எதிர்த்தவர்களை ஆங்கிலேயருக்குத் துணைபோனவர்கள் என்று ஒரே வரியில் ஒதுக்கியதை ஏற்க இயலவில்லை.

எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் ஜே.பி. டங்குவா. 1947-இல் லண்டனில் இருந்த நிக்ரூமாவைச் செயலாளர் பொறுப்புக்கு அழைத்து வந்ததே டங்குவா முன்னின்று நடத்திய அமைப்புதான். 1948 கலவரத்துக்குப் பின் இருவரையும் ஆங்கிலேய அரசு ஒன்றாகவே கைதுசெய்தது. கோல்ட் கோஸ்ட் என்றிருந்த நாட்டுக்குக் கானா என்னும் பெயரை முன்மொழிந்தவரும் அவரே. இத்தகையவரை அந்நியருக்கு வேண்டியவர் என்பது எவ்வகையில் நியாயம்?

1954-இல் உலகச் சந்தையில் கோகோ விலை உச்சத்தில் இருந்தபோது, விடுதலைக்கு முன்பே அமைந்திருந்த நிக்ரூமாவின் உள்நாட்டு அரசு 60 பவுண்டு எடையுள்ள சுமைக்கு 72 ஷில்லிங் என்று விலையைக் கட்டிப்போட்டது. மிகுதிப் பணம் நாட்டு வளர்ச்சிக்கு என்று அரசு சொன்ன காரணத்தில் பொருள் இல்லாமல் இல்லை. ஆயினும் விளைவித்தவனைக் கேட்காமல் எடுத்த முடிவு அது. அந்தக் கோபத்திலிருந்துதான் அதே ஆண்டு செப்டம்பரில், கோகோ விளையும் அசாந்திப் பகுதியின் குமாசி நகரில் தேசிய விடுதலை இயக்கம் பிறந்து, கூட்டாட்சி வேண்டும் என்று கேட்டது. சம்பா நெல்லைக் கொள்முதல் நிலைய வாசலில் குவித்துவிட்டு, ஈரப்பதம் எவ்வளவு சொல்வார்களோ என்று காத்துக்கிடக்கும் டெல்டா விவசாயிகளுக்கு அசாந்தி உழவரின் மனக்குறையைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

அவ்வியக்கத்தின் பின்னால் அசாந்தித் தலைவர்களின் அதிகார ஆசையும் இருந்தது. குமாசித் தெருக்களில் இரு தரப்பும் வன்முறையில் இறங்கின. 1956 தேர்தலில் 104 இடங்களில் 70-க்கு மேல் வென்று நிக்ரூமாவே ஆட்சி அமைத்தார் என்பதும் உண்மை. ஆனால் அசாந்தியில் பெரும்பான்மை இடங்கள் எதிர்த்தரப்புக்கே கிடைத்தன. விடுதலை கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை; வரப்போகும் அதிகாரம் தலைநகர் அக்ராவில் ஒரே கட்சியின் கையில் குவியுமோ என்றே அஞ்சினார்கள். விசாரணையின்றி ஐந்தாண்டு வரை சிறைவைக்க வழிசெய்த தடுப்புக்காவல் சட்டம் 1958-இல் வந்தது. அச்சட்டத்தின்கீழ் அடைக்கப்பட்ட டங்குவா 1965 பிப்ரவரியில் இன்சவாம் சிறையிலேயே உயிர்விட்டார்.

இவ்வளவும் அறிந்த பிறகு அந்த ஒற்றை வரியைக் கடந்துபோக மனம் வரவில்லை. டங்குவாவைப் பற்றியும் கோகோ உழவர் கிளர்ச்சியைப் பற்றியும் தனிக் கட்டுரை ஒன்றைத் தங்கள் நாளிதழில் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நெல் விவசாயி ஒருவர்,
நீடாமங்கலம்