ஆயில் நீயே மாத்தப் போறியாமே

மாப்ள,

உன் லெட்டர் வந்துச்சு. பாப்பா காலேஜ் சேர்ந்துட்டான்னு படிச்சதும் எவ்ளோ சந்தோஷம் தெரியுமா, நேத்து வரைக்கும் யூனிஃபார்ம் போட்டுட்டு ஸ்கூல் போயிட்டு இருந்த புள்ள, மாமா வாழ்த்து சொன்னேன்னு மறக்காம சொல்லு. இங்க அப்பாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, இப்ப கண்ணாடி இல்லாமயே தூரத்துல வர்ற ஆளு யாருன்னு சொல்றார், வீட்ல எல்லாருக்கும் அதுவே பெரிய நிம்மதி.

சரி, கடைசி பக்கத்துல எழுதியிருந்தியே, இந்த தடவ காருக்கு இன்ஜின் ஆயில் நானே வீட்ல மாத்தலாம்னு இருக்கேன், தேவையில்லாத வேலையான்னு. தாராளமா மாத்து. காசு மிச்சமாகும்னு நான் சொல்ல வரல. என்ன கிரேடு ஊத்துனாங்க, ஃபில்டர் நிஜமாவே மாத்துனாங்களா, போல்ட்ட எவ்ளோ டைட் பண்ணாங்கன்னு வெளிய குடுத்தா நமக்கு எதுவுமே தெரியாது. அத விட முக்கியம், இன்ஜினுக்குள்ள இருந்து வெளிய வர்ற பழைய ஆயில நம்ம கண்ணால பாக்கலாம். என்னைக் கேட்டா இந்த வேலையோட பாதி பலனே அதுதான், அத கீழ எழுதறேன்.

அதுக்கு முன்னாடி ஜாக்கி விஷயம். காரோட வர்ற ஜாக்கி டயர் மாத்த மட்டும்தான், அத மட்டும் நம்பி காருக்கு அடியில தலைய விடவே கூடாது, ஒரு நிமிஷ வேலதானேன்னு கூட விடாத. ஜாக்கி நழுவுனா ஒதுங்கறதுக்கு நேரமே கிடைக்காது, இப்படி எத்தனையோ பேர் உயிர் போயிருக்கு. ஜாக் ஸ்டாண்ட் ரெண்டு வாங்கிக்கோ, இல்லன்னா ஏத்தி நிறுத்தற ராம்ப். தரை சமமா கெட்டியா இருக்கணும், ஹேண்ட் பிரேக் போட்டுட்டு தரையில இருக்கற சக்கரத்துக்கு முன்னாடி பின்னாடி கட்டை குடு. ஸ்டாண்ட் எங்க வைக்கணும்னு மேனுவல்ல படமே போட்டிருக்கும், அந்த இடத்துல மட்டும் வை, வேற எங்கயாவது வெச்சா தகடு உள்ள போயிடும். எல்லாம் வெச்ச பிறகு கார நல்லா ஒரு தள்ளு தள்ளிப் பாரு, அப்பயே ஆடுச்சுன்னா நீ கீழ இல்ல, அதுதான் வேணும். வீட்ல யாராவது ஒருத்தர் பக்கத்துல இருக்கட்டும், தங்கச்சிகிட்ட சொல்லிட்டே ஆரம்பி.

இப்ப நீ கேட்ட கேள்வி. கார் பழசாயிடுச்சு, கொஞ்சம் கெட்டியான ஆயிலா ஊத்தலாமா, 20W-50 நல்லதுன்னு சொல்றாங்களேன்னு கேட்டிருந்த. உன் மேனுவல்ல 5W-30ன்னு போட்டிருந்தா அதையே ஊத்து மாப்ள. W-க்கு முன்னாடி இருக்கற நம்பர் குளிர்ல ஆயில் எப்படி இருக்கும்னு சொல்லுது, 5W-ன்னா மைனஸ் 30 டிகிரியிலயும் இன்ஜின் சுத்தற அளவுக்கு இளகியிருக்கணும்னு டெஸ்ட் பண்ணி குடுத்த நம்பர். பின்னாடி இருக்கற 30 ங்கறது இன்ஜின் சூடானப்புறம், 100 டிகிரில ஆயில் எவ்ளோ கெட்டியா இருக்குங்கறதுக்கான அளவு. இந்த காலத்து இன்ஜின் நிறையதுல வால்வ் டைமிங்க, அதாவது வால்வ் எப்ப திறந்து மூடணும்ங்கறத, மாத்தறதே ஆயில் பிரஷர்தான், ஆயில் போற வழியெல்லாம் ரொம்ப சின்ன சின்ன ஓட்டை, பேரிங் இடைவெளியும் கம்மி, அதுக்குன்னு கணக்கு பண்ணி வெச்ச இன்ஜின்ல நாமளா கெட்டி ஆயில் ஊத்துனா ஸ்டார்ட் பண்ணதும் மேல வரைக்கும் ஆயில் போய் சேர நேரமாகும், மைலேஜும் குறையும். மேனுவல்லயே ரெண்டு மூணு கிரேடு குடுத்திருந்தா, ஊர் வெயிலுக்கு ஏத்த மாதிரி அதுக்குள்ள ஒண்ண எடுத்துக்கோ. கேன் மேல API-ன்னு (ஆயில் தரத்துக்கு பேர் வைக்கற அமெரிக்க பெட்ரோலியம் சங்கம்) ஒரு வட்டம் இருக்கும் பாரு, பெட்ரோல் காருக்கு SP ங்கறது 2020-ல வந்தது, SN அதுக்கு முந்தினது, மேனுவல் SN கேட்டா SP ஊத்தலாம், தலைகீழா பண்ணக் கூடாது. டீசல்ல DPF (புகையில வர்ற கரிய புடிக்கற ஃபில்டர்) இருக்கற வண்டின்னா சாம்பல் கம்மியா வர்ற ஆயில்தான் ஊத்தணும், அது ரொம்ப முக்கியம், ஏன்னா ஆயில்ல இருக்கற உலோகச் சேர்மானம் எரிஞ்சு சாம்பலா DPF-ல போய் உக்காந்துடும், கரி மாதிரி அது எரிஞ்சு போகாது.

ஆயில் வாங்கறப்பவே ஃபில்டரும் ட்ரெயின் போல்ட்டுக்கு (பழைய ஆயில இறக்க அடியில கழட்டற போல்ட்) புது வாஷரும் வாங்கிடு. அந்த வாஷர் செம்பு இல்லன்னா அலுமினியம், டைட் பண்றப்ப நசுங்கி சீல் ஆகறதுதான் அதோட வேலை, அதனால ஒரு தடவ நசுங்குனத திரும்ப போடறதுல அர்த்தமில்ல.

இன்ஜின ஒரு அஞ்சு நிமிஷம் ஓட விட்டு லேசா சூடு பண்ணிக்கோ, ஆயில் இளகி அழுக்கோட சேர்ந்து இறங்கும். ரொம்ப ஓட்டிட்டு வந்து உடனே கழட்டாத, கை வெந்துடும். மேல ஆயில் மூடிய திறந்து வெச்சிடு. நைட்ரைல் கிளவுஸ் கண்டிப்பா போடு, பழைய ஆயில் அடிக்கடி தோல்ல பட்டா தோல் கேன்சர் வரைக்கும் போகலாம்னு ஆயில் கேன்லயே எச்சரிக்கை இருக்கு, மெக்கானிக் கடையில வெறுங்கையோட பண்றாங்களேன்னு நீயும் பண்ணாத. ட்ரெயின் போல்ட்ட ரிங் ஸ்பேனர்லயோ சாக்கெட்லயோ மட்டும் கழட்டு, ஓப்பன் ஸ்பேனர் வெச்சா முனை மழுங்கிடும். கடைசி மரை வர்றப்ப போல்ட்ட மேல அழுத்திப் புடிச்சுக்கிட்டே சுத்தி டக்குனு எடுக்கணும், ஆயில் நேரா கீழ கொட்டாது, கொஞ்சம் தள்ளி பீச்சி அடிக்கும், சட்டிய அதுக்கு ஏத்த மாதிரி வை.

சொட்டு நிக்கற வரைக்கும் விட்டுட்டு, சட்டியில இருக்கறத நிதானமா பாரு. இதுதான் உன் இன்ஜினோட ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் மாதிரி. கருப்பா இருக்கேன்னு பயப்படாத, ஆயில்ல அழுக்க கரைச்சு மிதக்க வைக்கற கெமிக்கல் இருக்கு, கருப்பாச்சுன்னா அது வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம், டீசல்ல எல்லாம் மாத்தி கொஞ்ச நாள்லயே கருத்துடும். பால் காபி கலர்ல கலங்கலா இருந்தாதான் கவலைப்படணும், கூலன்ட் (இன்ஜின குளிர வைக்கற திரவம்) உள்ள கலக்குதுன்னு அர்த்தம், கூலன்ட் லெவலும் குறைஞ்சிருந்தா ஹெட் கேஸ்கெட்ட (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கற சீல்) செக் பண்ணாம வண்டிய ஓட்டாத. (மூடிக்கு அடியில மட்டும் லேசா வெள்ளையா படிஞ்சிருந்தா பெரும்பாலும் பக்கத்து பக்கத்துல மட்டுமே ஓட்டறதால இன்ஜின் முழுசா சூடாகாம தங்கின ஈரம்தான், ஒரு நீளமான டிரிப் போனா போயிடும்.) கிளவுஸ் போட்ட விரல்ல தொட்டு வெளிச்சத்துல பாரு, ஜிகினா மாதிரி மின்னுச்சுன்னா பேரிங் தேயுது. ட்ரெயின் போல்ட் நுனியில காந்தம் இருந்து அதுல சாம்பல் கலர்ல மை மாதிரி ஒட்டியிருந்தா அது சாதாரண தேய்மானம், ஆனா நகத்துல எடுக்கற சைஸ்ல துண்டு இருந்தா விட்றாத. பெட்ரோல் வாடை தூக்கலா அடிச்சு ஆயில் தண்ணியா ஓடுச்சுன்னா எரியாத பெட்ரோல் இறங்குதுன்னு அர்த்தம், அப்ப டிப் ஸ்டிக்ல (ஆயில் லெவல் பாக்கற குச்சி) லெவல் ஏறிக்கூட இருக்கும்.

நிறைய பேர் செய்யாதது ஒண்ணு இருக்கு, பழைய ஆயில காலி கேன்ல திருப்பி ஊத்தி அளந்து பாரு. கேன் பக்கத்துல அளவுக் கோடு இருக்கும். போன தடவ எவ்ளோ ஊத்துனோம், நடுவுல எவ்ளோ டாப் அப் பண்ணோம், இப்ப எவ்ளோ வந்துச்சு, இத கிலோமீட்டரோட ஒரு நோட்ல எழுதி வெச்சா இன்ஜின் ஆயில் குடிக்குதா, எவ்ளோ குடிக்குதுன்னு உனக்கே தெரிஞ்சிடும், புகை வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். எந்த கடையிலயும் இத உனக்கு செஞ்சு தர மாட்டாங்க.

ஃபில்டர் கழட்டறப்ப அதோட ரப்பர் ரிங்கும் கூடவே வந்துச்சான்னு பாரு. பழைய ரிங் இன்ஜின்லயே ஒட்டிக்கிட்டு இருக்க, அது மேல புதுச போட்டா பிரஷர் ஏறுனதும் பிதுங்கி ஆயில் மொத்தமும் ரோட்ல கொட்டிடும், இன்ஜினே போயிடும். புது ரிங்ல விரலால கொஞ்சம் புது ஆயில் தடவி, கையாலயே சுத்தி, ரிங் தொட்டதுக்கு அப்புறம் முக்கால் சுத்து, ஃபில்டர் மேல வேற அளவு போட்டிருந்தா அது, அவ்ளோதான். ஸ்பேனர் போட்டு முறுக்காத. போல்ட்டும் அப்படித்தான், முதல்ல கையால மரையில ஏத்து, மேனுவல்ல போட்டிருக்கற டார்க்குக்கு (torque, எவ்ளோ விசையில முறுக்கணும்ங்கற அளவு) டார்க் ரெஞ்ச் வெச்சு டைட் பண்ணு. அடியில ஆயில் தேங்கி நிக்கற சேம்பர் நிறைய வண்டில அலுமினியம், பலத்த காட்டுனா மரை போயிடும், அப்புறம் சேம்பரையே மாத்தற செலவு.

ஊத்தறப்ப மேனுவல்ல ஃபில்டரோட சேர்த்து எவ்ளோன்னு போட்டிருக்கற அளவ எடுத்துக்கோ, அதுல அரை லிட்டர் கம்மியா ஊத்திட்டு ஸ்டார்ட் பண்ணு. ஆயில் லைட் ரெண்டு மூணு செகண்ட்ல அணையணும், அணையலன்னா உடனே ஆஃப் பண்ணு. ஒரு நிமிஷம் ஓட விட்டு, கீழ ஃபில்டர்லயும் போல்ட்லயும் கசிவு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாரு. ஸ்டாண்ட்ல இருந்து இறக்கி சமதரையில நிறுத்தி, கொஞ்ச நேரம் கழிச்சு டிப் ஸ்டிக் பாத்து மீதிய ஊத்து. மேக்ஸ் கோட்ட தாண்டவே கூடாது, அதிகமானா உள்ள சுத்தற கிராங்க் ஷாஃப்ட் ஆயில்ல அடிச்சு நுரையாக்கிடும், நுரையால பேரிங்க காப்பாத்த முடியாது.

ஆயில் மாத்தறதுக்கு முன்னாடி இன்ஜின உள்ள கழுவற ஃப்ளஷ் ஊத்தலாமான்னு கேட்டிருந்த, ஒழுங்கா மாத்திட்டு வர்ற இன்ஜினுக்கு அது வேண்டவே வேண்டாம்.

பழைய ஆயில மட்டும் சாக்கடையிலயோ மண்ணுலயோ ஊத்திடாத. ஒரு கேலன் பழைய ஆயில் பத்து லட்சம் கேலன் நல்ல தண்ணிய கெடுத்துடும்னு அமெரிக்க சுற்றுச்சூழல் துறையே சொல்லுது. கேன்ல மூடி வெச்சு, பழைய ஆயில சுத்திகரிப்புக்கு எடுத்துக்கறவங்ககிட்ட குடுத்துடு, சுத்திகரிச்சா திரும்ப நல்ல ஆயிலா ஆகற சரக்குதான் அது. ஃபில்டரையும் கவுத்து வெச்சு வடிச்சிட்டு கூடவே குடுத்துடு.

உன் வண்டி பெட்ரோலா டீசலா, ஃபில்டர் மேல இருக்கா கீழ இருக்கான்னு நீ எழுதவே இல்ல. மேல இருந்தா டிப் ஸ்டிக் குழாய் வழியா பம்ப் வெச்சு உறிஞ்சிக்கூட எடுக்கலாம், கார தூக்க வேண்டிய வேலையே இல்ல, ஆனா அடியில படிஞ்சது முழுசா வராது. வண்டி மாடலும் கடைசியா மாத்துன கிலோமீட்டரும் எழுதி அனுப்பு, எவ்ளோ ஆயில், போல்ட்டுக்கு எவ்ளோ டார்க்குன்னு மேனுவல் பாத்து ரெண்டு பேரும் சேர்ந்தே சரிபாத்துக்கலாம், அதுக்கப்புறம் ஸ்பேனர கையில எடு.

தங்கச்சிய ரொம்ப கேட்டதா சொல்லு.

அன்புடன்,
உன் மச்சான்