பிராய்டு சொல்லாத ‘ஈகோ’

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரங்களுக்கு முன் தங்கள் ஞாயிறு இணைப்பில் ஆளுமை வளர்ச்சி குறித்து வெளிவந்த கட்டுரையில், ஈகோவை அடியோடு ஒழித்தால்தான் மனிதனின் ஆளுமை மலரும் என்று, உளப்பகுப்பாய்வு என்ற மனநல முறையைத் தோற்றுவித்த வியன்னா மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு அன்றே சொல்லிவிட்டார் என்றொரு வாக்கியம் இருந்தது. அதைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிட என்னால் இயலவில்லை. ஆசிரியர் பயிற்சி நிறுவனம் ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் கல்வி உளவியல் கற்பித்தவன் நான். ஆண்டுதோறும் ஆளுமைக் கோட்பாடுகள் என்ற பாடத்தைத் தொடங்கும் நாளில், மாணவர்களின் மனத்திலிருந்து இந்த ஒரு தவறான எண்ணத்தை நீக்குவதற்கே முதல் வகுப்பு முழுவதும் போய்விடும். அவ்வாறு நீக்கியதைத் தங்கள் இதழ் ஒரே வரியில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குத் திரும்பக் கொண்டுசேர்த்துவிட்டதே என்ற வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பேச்சுவழக்கில் நாம் ஈகோ என்றால் தலைக்கனம் என்றே பொருள் கொள்கிறோம். ‘அவனுக்கு ஈகோ அதிகம்’, ‘இருவருக்கும் ஈகோ பிரச்சினை’ என்று வீட்டிலும் அலுவலகத்திலும் பேசுவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. யான், எனது என்னும் செருக்கை அறுக்கச் சொன்னவர் வள்ளுவர். அதையும் அவர் துறவு அதிகாரத்தில் வைத்தே சொன்னார். அந்தச் செருக்கையும் பிராய்டு மனத்தின் ஒரு பகுதிக்குச் சூட்டிய பெயரையும் ஒன்றாகக் குழைத்துவிட்டால், வள்ளுவரையும் புரிந்துகொள்ள முடியாது, பிராய்டையும் புரிந்துகொள்ள முடியாது.

1923ஆம் ஆண்டு வெளிவந்த நூலில்தான் பிராய்டு ஆளுமையை மூன்று கூறுகளாகப் பிரித்துக் காட்டினார். தம் தாய்மொழியான ஜெர்மனில் அவர் பயன்படுத்தியவை மிக எளிய சொற்கள். அவற்றை அப்படியே தமிழாக்கினால் ‘அது’, ‘நான்’, ‘மேல்-நான்’ என்றுதான் வரும். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்கள் இலத்தீனை நாடியதால் அவை இட், ஈகோ, சூப்பர் ஈகோ என்று ஆகி, அந்தப் பெயர்களோடு நம்மிடம் வந்து சேர்ந்தன. பிறக்கும்போதே உடன் வருவது இட். இன்பம் உடனே வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. பெற்றோரின் கண்டிப்பும் அவர்கள் உயர்ந்ததாகக் காட்டிய இலட்சியங்களும் குழந்தைக்குள் குடியேறி உருவாவது சூப்பர் ஈகோ. இந்த இரண்டுக்கும் வெளியுலகுக்கும் நடுவில் நின்று, நடைமுறையை ஆராய்ந்து, பொறுக்க வேண்டிய இடத்தில் பொறுத்து, ஒரு வழியைக் கண்டுபிடிப்பதே ஈகோவின் வேலை. சத்துணவுக் கூடத்தின் வரிசையில் பசியோடு நிற்கும் சிறுவனை என் வகுப்பில் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். முன்னால் நிற்பவனைத் தள்ளிவிட்டுத் தட்டை நீட்டச் சொல்வது இட். தள்ளினால் நீ கெட்டவன் என்று உறுத்துவது சூப்பர் ஈகோ. இன்னும் நான்கு பேர்தான், நின்று வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்கிடுவது ஈகோ. குதிரையை ஓட்டுபவனுக்குப் பிராய்டு ஒப்பிட்டதும், மூன்று கடுமையான எசமானர்களுக்கு ஒரே நேரத்தில் ஊழியம் செய்யும் ஏழை என்று இரங்கியதும் இந்த ஈகோவைத்தான். அதை ஒழித்துவிட்டால் எஞ்சுவது கட்டற்ற ஆசையும் கண்மூடித்தனமான குற்றவுணர்வுமே. ‘அது’ இருந்த இடத்தில் ‘நான்’ வரவேண்டும் என்று 1933இல் எழுதியவரை, ‘நானை’ அழிக்கச் சொன்னவராகத் தங்கள் கட்டுரை காட்டியிருக்கிறது.

சொற்களைப் பற்றிய பண்டிதச் சண்டை என்று தாங்கள் இதை ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காக, கட்டுரை வெளிவந்த வாரத்தில் நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். என்னிடம் பயின்று இப்போது தலைமையாசிரியராக இருக்கும் ஒருவரைப் பார்க்க அவருடைய பள்ளிக்குச் சென்றிருந்தேன். அறிவிப்புப் பலகையில் தங்கள் கட்டுரை ஒட்டப்பட்டிருந்தது. அப்போது ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனை, சன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு மன்னிப்புக் கேட்க மறுக்கிறான் என்ற புகாருடன் அழைத்து வந்தார்கள். அந்தப் பையன் அழவும் இல்லை, எதிர்த்துக் கத்தவும் இல்லை. “நான் உடைக்கவில்லை ஐயா, அந்த நேரத்தில் நூலகத்தில் இருந்தேன், கேட்டுப் பாருங்கள்” என்றான். உடனே வகுப்பாசிரியர், “முதலில் உன் ஈகோவை அழி, பலகையில் ஒட்டியிருப்பதைப் போய்ப் படி” என்று அதட்டினார். அச்சத்தையும் கோபத்தையும் அடக்கிக்கொண்டு, நடந்ததைச் சரிபார்க்கச் சொன்ன அந்த நிதானத்துக்குப் பெயர்தான் பிராய்டின் மொழியில் ஈகோ. பதினான்கு வயதில் அது ஒரு பிள்ளையிடம் அவ்வளவு உறுதியாக இருந்ததைப் பார்த்து நான் மகிழ்ந்திருக்க வேண்டிய நேரத்தில், அதையே குற்றமென்று சுட்டி அவனைத் தலைகுனிய வைத்தார்கள். நூலகப் பதிவேட்டை எடுத்துப் பார்க்கச் சொல்லி நான்தான் வற்புறுத்தினேன். அவன் சொன்னது உண்மையாக இருந்தது.

இது முதல் முறையன்று என்பதையும் மனவேதனையுடன் நினைவூட்டுகிறேன். முன்பொரு முறை கடலில் மிதக்கும் பனிப்பாறைப் படத்தை வெளியிட்டு, நீருக்கு மேலே தெரிவது ஈகோ, கீழே மறைந்திருப்பது இட் என்று குறித்திருந்தீர்கள். ஈகோவின் ஒரு பகுதியும் சூப்பர் ஈகோவின் ஒரு பகுதியும்கூட நாம் அறியாத மனமாகிய நனவிலியில்தான் இயங்குகின்றன. தம்மை அறியாமலே நோயாளிகள் சிகிச்சையை எதிர்ப்பதைக் கண்டு, நனவு (அறிந்த மனம்), முன்நனவு (முயன்றால் நினைவுக்கு வருவது), நனவிலி என்ற பழைய பிரிவு மட்டும் போதாது என்று உணர்ந்ததால்தான் பிராய்டு 1923இல் புதிய பிரிவையே வகுத்தார். மற்றொரு முறை, ஆழ்மனத்திடம் கேட்டால் செல்வம் வரும் என்ற துணுக்குக்கு மேலே அவருடைய படத்தை அச்சிட்டு, ஜெர்மானிய அறிஞர் என்றும் எழுதியிருந்தீர்கள். நான்கு வயது முதல் வியன்னாவில் வாழ்ந்த யூதர் அவர். பெர்லினில் அவருடைய நூல்கள் 1933இல் எரிக்கப்பட்டன. 1938இல், எண்பத்திரண்டு வயதில், நாஜிகளுக்குத் தப்பி லண்டன் சென்று மறு ஆண்டே இறந்தார். அந்தத் துணுக்கு வந்தபோது நான் எழுதிய கடிதம் வெளியாகவில்லை. இடமில்லாமல் போயிருக்கலாம் என்று அமைதியடைந்தேன்.

அதே கட்டுரையின் இறுதியில், கோபமோ துயரமோ வந்தால் உள்ளுக்குள் புதைத்துவிடுங்கள் என்று அறிவுரையும் கூறப்பட்டுள்ளது. புதைக்கப்பட்டது அழிவதில்லை, வேறு உருவில் திரும்பி வரும் என்பதல்லவா உளப்பகுப்பாய்வின் அடிப்படையே! ஒடுக்குதல் (வேதனை தருவதை மனத்தின் அடியில் அமுக்குவது), புறத்தெறிதல் (தன் உணர்வைப் பிறர்மேல் ஏற்றுவது), பின்னோக்கம் (குழந்தைப் பருவ நடத்தைக்குத் திரும்புவது) முதலிய, மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் தற்காப்பு நடத்தைகளைப் பிராய்டின் மகள் அன்னா 1936இல் ஒரு நூலாகவே தொகுத்து விளக்கினார். 1987இல் மேலதிகாரி ஒருவர் பலர் முன்னிலையில் என்னைக் கடிந்துகொண்டார். வாய் திறவாமல் வீடு திரும்பிய நான், குழம்பில் உப்பு குறைந்தது என்று தட்டைத் தள்ளிவிட்டு என் மனைவியைப் பேசக் கூடாததைப் பேசினேன். ஒருவர் மீதுள்ள கோபத்தை எளியவர் மீது திருப்பும் ‘இடமாற்றம்’ என்ற தற்காப்பு நடத்தையை அதற்கு முந்தைய வாரந்தான் வகுப்பில் நடத்தியிருந்தேன். அன்றிரவு என் மனைவி சாப்பிடாமல் படுத்தது இன்றும் என் நெஞ்சில் நிற்கிறது.

பிராய்டு சொன்னதெல்லாம் உண்மை என்று நான் வாதிடவில்லை. மிகச் சில நோயாளிகளைக் கொண்டு மனித குலத்துக்கே விதி வகுத்தார் என்பதும், எந்த நிகழ்வையும் தனக்குச் சாதகமாக விளக்கிக்கொள்ளும் கோட்பாட்டை அறிவியல் என்று ஏற்க முடியாது என்று தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் மறுத்ததும், பெண்களைப் பற்றிய பிராய்டின் முடிவுகளை உளப்பகுப்பாய்வாளர் கரேன் ஹார்னி எதிர்த்ததும் என் மாணவர்களுக்கு நான் கற்பித்தவையே. 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸ், தாயிடம் ஈர்ப்பும் தந்தையிடம் போட்டியுணர்வும் மகனுக்கு இருக்கும் என்ற பிராய்டின் ‘ஈடிபஸ் சிக்கல்’ கருத்து குறித்துத் தமக்கிருந்த மாறுபட்ட கருத்தைப் பிராய்டுக்கே கடிதமாக எழுதினார். கோட்பாட்டை முழுமையாகக் கற்று, அதன் பிறகு மறுத்தார். தங்கள் கட்டுரையாளர் அவ்வாறு மறுத்திருந்தால் நான் மகிழ்ச்சியோடு படித்திருப்பேன்.

நான் கேட்பது மிகச் சிறியது. அடுத்த ஞாயிறு இணைப்பில், பிராய்டின் கோட்பாட்டில் ஈகோ என்பது செருக்கைக் குறிப்பதன்று, ஆசைக்கும் மனச்சான்றுக்கும் நடைமுறை உலகுக்கும் இடையே சமன் செய்யும் ‘நான்’ என்னும் பகுதியையே குறிக்கும் என்று இரண்டு வரியில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அது வந்ததும் வெட்டியெடுத்து, அந்தப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் பழைய கட்டுரைக்குப் பக்கத்திலேயே ஒட்டுவதற்குத் தலைமையாசிரியரிடம் இசைவு பெற்றிருக்கிறேன். அந்தப் பையனுக்கு ஆண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விடுவதற்குள் அது வெளியானால் நன்று.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கல்வி உளவியல் விரிவுரையாளர்,
மயிலாடுதுறை.